உலக்கையும் முழங்கையும்: கெமர் மரபுப் போர்க்கலையின் அடிமுறைகள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மொறொக்கோவின் றபாற் நகரிற் கூடிய யுனெஸ்கோ குழு, 'குன் லபொக்காத்தோர்' எனப்படும் கம்போடிய மரபுப் போர்க்கலையை மானுடத்தின் புலனாகாப் பண்பாட்டு மரபுரிமைகளின் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் புனோம் பென் நகரில் 32 ஆவது தென்கிழக்காசிய விளையாட்டு விழா நடைபெற்றது. விழாவை நடத்திய கம்போடியா, அதுவரை 'முவே தாய்' என வழங்கிவந்த குத்துச்சண்டைப் போட்டியைக் 'குன் கெமர்' என்னும் பெயரில் நடத்தியது. தாய்லாந்து அப்போட்டியிற் பங்குபற்ற மறுத்தது. ஒரே வகையான உதையும் ஒரே வகையான முழங்கை அடியும் எந்த நாட்டின் சொத்து என்பதே அங்கு எழுந்த பிரச்சினை.

இப்பிரச்சினைக்கு இரு தரப்பாரும் கூறிய விடைகள் தம்முள் முரண்பட்டனவாயினும் அவற்றின் அடிப்படை ஒன்றேயாகும். கலை என்பது ஓர் இனத்தின் பழமையான உடைமை. அதனை உருவாக்கியவர்கள் அவ்வினத்தின் மன்னர்களும் மறவர்களும். அதற்குச் சான்று கோயிற் சுவர்கள் என்னும் கருத்துநிலையே அது. ஆயிரம் ஆண்டுப் பழமை, ஈராயிரம் ஆண்டுப் பழமை எனத் தொகை கூறுவதோடு வரலாறு முடிந்துவிடுகின்றது. அடித்த கை எவருடைய கை, அக்கை வேறு நேரங்களில் என்ன தொழில் செய்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாக்களை முன்வைத்துக் கெமர் மரபுப் போர்க்கலையின் அடிப்படை அடிமுறைகளை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு கலையின் நுட்பம் வானத்திலிருந்து வருவதன்று. அது குறிப்பிட்ட உடல்களிற் குறிப்பிட்ட வாழ்க்கை நிலைமைகளால் உருவாவது. அந்நிலைமைகள் மாறும்பொழுது நுட்பமும் மாறும். கெமர் அடிமுறைகளின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு என்பது எமது துணிபு.

2

முதலில் அடிமுறைகளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இன்று கெமர் மரபுப் போர்க்கலை எனும்போது இரண்டு வடிவங்கள் முதன்மையாக எண்ணப்படும். ஒன்று, மேலே குறிப்பிட்ட பொக்காத்தோர். இது அடி, உதை, பிடி, பூட்டு, வீழ்த்தல், தடி முதலிய கருவிகளின் பயன்பாடு ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய விரிந்த பயிற்சிமுறை. மற்றையது 'பிரடல் செரே'. 'சுதந்திரக் குத்துச்சண்டை' எனப் பொருள்படும் இது, நின்ற நிலையிற் பொருதும் போட்டி வடிவம்; குன் கெமர் என்னும் பெயர் இன்று இதனையே சுட்டுகின்றது. இவ்விரண்டுக்கும் பொதுவான அடிப்படை அடிகள் ஐந்து எனத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, கைக்குத்து. நேர்க்குத்து, பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, கீழிருந்து மேலெழும் குத்து என இது பல திறப்படும். இரண்டாவது, முழங்கை அடி. கிடையாக வெட்டுவது, மேலிருந்து கீழே இறக்குவது, கீழிருந்து நாடியை நோக்கி எழுப்புவது, உடலை முற்றாகச் சுழற்றிப் பின்புறமாக வீசுவது என இதற்கும் வகைகள் உண்டு. மூன்றாவது, முழங்கால் இடி. எதிராளியின் கழுத்தை இரு கைகளாலும் பற்றி இழுத்து, விலாவிலோ வயிற்றிலோ முழங்காலைச் செலுத்துவது இதன் இயல்பான முறை. நான்காவது, சுழலுதை. இதிலே தாக்கும் உறுப்பு பாதமன்று; கணைக்காலின் முன்னெலும்பாகும். ஊன்றிய காலின் முன்பாதத்தில் உடல் முழுவதும் திரும்ப, இடுப்பு கதவு போலச் சுழல, கால் அதனைத் தொடர்ந்து வரும். ஐந்தாவது, உந்துதை. பாதத்தால் எதிராளியைத் தள்ளித் தூரத்தைக் காப்பதும் அளப்பதும் இதன் பணி.

பொக்காத்தோர் இவற்றோடு நிற்பதில்லை. உள்ளங்கை, விரல்கள், தோள், இடுப்பு, தலை என உடலின் கடினமான பகுதி எதுவும் அங்கு ஆயுதமாகும். அடிகள் தனித்தனியாகவன்றி விலங்குகளின் பெயரைத் தாங்கிய தொகுதிகளாகப் பயிற்றப்படுகின்றன. குரங்கு, யானை, முதலை, நண்டு, குதிரை, நாகம் என்பன அவற்றுட் சில. இத்தொகுதிகளைக் குறிக்கும் 'கபாச்' என்னும் கெமர்ச் சொல்லே நடனத்தின் அபிநயத்தையும், கல்லிலும் மரத்திலும் செதுக்கப்படும் அலங்கார வடிவத்தையும் குறிக்கின்றது. ஆடலும் அடித்தலும் செதுக்கலும் ஒரே சொல்லால் வழங்கப்படுவது, கலைகள் தனித்தனித் துறைகளாகப் பிரியாத ஒரு சமூக நிலையை நினைவூட்டுவதாகும்.

இவ்வடிகளிலே முழங்கையும் முழங்காலும் கணைக்காலும் பெறும் முதன்மை தற்செயலானதன்று. மனிதனின் கைமுட்டி சிறிய எலும்புகள் பலவற்றாலானது. மூடப்படாத முட்டியால் மண்டையோட்டைக் குத்துபவன் தன் கையையே முறித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. முழங்கையும் முழங்காலும் அத்தகையனவல்ல. அவை பெரிய எலும்புகளின் முனைகள், உடலின் முழுப் பாரமும் அவற்றின் பின்னே நிற்கின்றது. வாளோ கவசமோ இல்லாதவன், செருப்பும் இல்லாதவன், நெருங்கி வந்த ஆபத்தை எதிர்கொள்ள இவையே அவனுக்கு எஞ்சிய கருவிகள். செலவின்றிப் பெறத்தக்க கருவிகளும் இவையே. இவ்வகையில் நோக்கினால், இவ்வடிமுறை உடைமையற்றோரின் படைக்கலக் கொட்டில் எனலாம்.

3

இனிச் சொற்களை நோக்குவோம். பொக்காத்தோர் என்னும் பெயருக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம், 'சிங்கத்தை இடித்தல்' என்பதாகும். 'தோ' என்பது சிங்கம். 'பொக்' என்பது இடித்தல், மோதுதல். ஊரைத் துன்புறுத்திய சிங்கத்தை ஒரு வீரன் வெறுங்கையால், முழங்கால் இடியொன்றினால் வீழ்த்தினான் என்னும் கதையும் உடன் வழங்குகின்றது.

இவ்விளக்கத்தில் ஒரு முரண்பாடு உண்டு. கம்போடியக் காடுகளில் வரலாற்றுக் காலத்திற் சிங்கம் வாழ்ந்ததில்லை. அங்கு வாழ்ந்தது புலி. சிங்கம் இந்தியாவிலிருந்து அரசுச் சின்னமாகவும் கோயிற் காவலுருவாகவும் சென்றது. அங்கோர்க் கோயில்களின் படிக்கட்டுகளில் இருமருங்கும் அமர்ந்திருக்கும் கற்சிங்கங்களே கெமர் மக்கள் கண்ட சிங்கங்கள். சிங்கமே இல்லாத நாட்டிற் சிங்கத்தைத் தம் சின்னமாகக் கொண்டோர் பற்றி இலங்கை வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. எனவே இக்கதை வேட்டை அனுபவமொன்றின் நினைவாக இருத்தல் இயலாது. அது அரண்மனையும் கோயிலும் தந்த படிமம்.

'பொக்' என்னும் வினையின் நிலை வேறு. அது உழவர் குடிசையின் அன்றாடச் சொல். நெல்லை உரலிலிட்டு உலக்கையால் இடிப்பதற்குரிய சொல் அதுவே. புதுநெல்லை வறுத்து இடித்துத் தட்டையாக்கிப் பெறும் அவலுக்குக் கெமர் மொழியில் 'அம்பொக்' என்று பெயர். இப்பெயரும் அதே வினையடியிலிருந்து பிறந்ததே. ஆண்டுதோறும் நீர்த்திருவிழாக் காலத்தில் வாழைப்பழத்தோடும் இளநீரோடும் உண்ணப்படும் உணவு இது. இடித்தல் என்னும் செயல் கெமர் மக்களுக்குப் போர்க்களத்தில் அறிமுகமாகவில்லை. முற்றத்து உரலில் அறிமுகமாயிற்று. தோளிலிருந்து அன்றி இடுப்பிலிருந்தும் பாதத்திலிருந்தும் ஆற்றலை எடுத்து, உடலின் பாரத்தை ஒரு புள்ளியில் இறக்கும் திறனை ஒவ்வொரு வீடும் அன்றாடம் பயின்றது. நெல்லிடித்தல் பெரும்பாலும் பெண்களின் உழைப்பாக இருந்தது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஆண்களின் வீரமாகவே எழுதப்படும் ஒரு கலையின் தலைச்சொல் பெண்களின் தொழிற் சொல்லாக இருக்கின்றது.

தமிழ் வாசகருக்கு இது எளிதில் விளங்கும். நாமும் நெல்லைக் குத்துகின்றோம், பகைவனையும் குத்துகின்றோம். மாவை இடிக்கின்றோம், முழங்கையாலும் இடிக்கின்றோம். இவ்வொப்புமையைக் கண்டதும், கெமர் மக்கள் இக்கலையைத் தமிழரிடமிருந்து பெற்றனர் என முடிவுகட்ட விரைவோர் நம்மிடையே உளர். கெமர் எழுத்தின் மூலவடிவம் பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்தோடு தொடர்புடையது என்பதும், ஆசானைக் குறிக்கும் 'குரு' என்னும் சொல் 'க்ரூ' என அங்கு வழங்குகின்றது என்பதும் உண்மையே. ஆயினும் எழுத்துப் பரவியதைக் கொண்டு முழங்கை அடியும் பரவிற்று என வாதிடுதல் ஆய்வாகாது. 'பொக்' கெமர் மொழியின் சொந்தச் சொல். இரு மொழிகளிலும் இடித்தலும் அடித்தலும் ஒரு சொல்லாக அமைந்தமைக்குக் காரணம் இனத் தொடர்பன்று. இரு சமூகங்களும் உரலும் உலக்கையும் கொண்டு நெல்லை உண்டு வாழ்ந்தவை என்பதே காரணம். உற்பத்தி முறையின் ஒப்புமை மொழியின் ஒப்புமையாக வெளிப்படுகின்றது.

ஆகவே பொக்காத்தோர் என்னும் பெயரின் வழக்கமான விளக்கத்தை ஏற்பின், அப்பெயரிலே இரண்டு வர்க்கங்களின் சுவடுகள் காணப்படுகின்றன. வினை உழவருடையது. சின்னம் அரசருடையது. உழைப்பின் சொல்லை அதிகாரத்தின் படிமம் போர்த்தியிருக்கின்றது. இக்கலையின் வரலாறு முழுவதும் இப்போர்வையின் வரலாறே எனில் அது மிகையாகாது.

4

கோயிற் சுவர்கள் இது குறித்து என்ன கூறுகின்றன? கோ கேர் என்னுமிடத்திற் பத்தாம் நூற்றாண்டில் எழுந்த பிரசாத் சென் கோயிலில், ஒருவரோடொருவர் பின்னிப் பொருதும் வாலி, சுக்கிரீவர் உருவங்கள் இருந்தன. கதாயுதத்தோடு பாயவிருக்கும் துரியோதனனும் அவனை எதிர்நோக்கும் வீமனும் அங்கு நின்றனர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அங்கோர் வாட் கோயிலின் மேற்கு மண்டபச் சுவரிற் குருச்சேத்திரப் போரும் இலங்கைப் போரும் நீண்ட புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. அந்நூற்றாண்டின் இறுதியில் ஏழாம் ஜயவர்மன் காலத்தில் எழுந்த பாயோன் கோயிலிற் சம்பா நாட்டுப் படையோடு நிகழ்ந்த போர்களும், சந்தை, சமையல், சேவற்சண்டை, மற்போர் முதலிய அன்றாடக் காட்சிகளும் இடம்பெறுகின்றன.

இச்சிற்பங்களை இன்றைய அடிமுறைகளின் படப்புத்தகமாகக் கொள்வோர் பலர். அது பொருந்தாது. சிற்பம் ஒரு கணத்தின் நிலையைக் காட்டும். அடியின் ஓட்டத்தைக் காட்டாது. கழுத்தைப் பற்றிய கையை இன்றைய பயிற்சிக் கூடத்தின் பிடியோடு ஒன்றாக்குதற்கு நடுவே எண்ணூறு ஆண்டுகளின் சான்று வேண்டும். ஆயினும் சிற்பங்கள் வேறொன்றை ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகின்றன. அது படையின் சமூக அமைப்பு. தலைவர்கள் யானை மீதும் தேர் மீதும் பேருருவாக அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் தகுதி குடைகளின் எண்ணிக்கையால் உணர்த்தப்படுகின்றது. அவர்களின் கீழே, வெறும் மார்பும் வெறுங்காலுமாக, ஈட்டியும் கேடயமும் ஏந்தி, ஒரே அச்சில் வார்த்தாற் போன்ற காலாட்கள் வரிசையாகச் செல்கின்றனர்.

1296 ஆம் ஆண்டில் அங்கோர் நகருக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கிய சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்த சௌ தாகுவான் எழுதிய குறிப்பு இதனை உறுதிசெய்கின்றது. கெமர்ப் படையினர் வெற்றுடலோடும் வெறுங்காலோடும் வலக்கையில் ஈட்டியும் இடக்கையிற் கேடயமும் கொண்டு சென்றனர் என்றும், சீயத்தாருடன் நிகழ்ந்த போரிற் பொதுமக்கள் அனைவரும் போருக்கு அனுப்பப்பட்டனர் என்றும், அவர்களுக்குப் போர்த்தந்திரமோ ஆயத்தமோ இருக்கவில்லை என்றும் அவர் குறிப்பிடுகின்றார். அணை கட்டவும் கோயிற் கல் சுமக்கவும் கட்டாய ஊழியத்துக்கு அழைக்கப்பட்ட அதே குடியானவரே போருக்கும் அழைக்கப்பட்டனர். ஈட்டி முறிந்தபின், கேடயம் வீழ்ந்தபின், அவர்களுக்கு எஞ்சியது தம் உடலே. அங்கோர் வாட் இலங்கைப் போர்ச் சிற்பத்தில் அரக்கர் ஆயுதம் தாங்கி நிற்க, வானரர் கையாலும் பல்லாலும் மரக்கிளையாலும் பொருதுகின்றனர். இராமாயணத்தின் கெமர் வடிவமான 'ரியாம்கேர்' முகமூடி நாடகமாக ஆடப்படும்போது ஊர் மக்களின் உள்ளம் அக்குரங்குப் படையிடமே அதிகம் ஈடுபடுகின்றது. பொக்காத்தோர்த் தொகுதிகளுட் குரங்குத் தொகுதி சிறப்பிடம் பெறுவதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் தகும்.

கலை எல்லை தாண்டிய முறையும் இங்குக் கருதற்பாலது. தென்கிழக்காசிய நிலமானிய அரசுகளின் போர்கள் பெரும்பாலும் நிலத்துக்காக நிகழ்ந்தவையல்ல. மனித உழைப்புக்காக நிகழ்ந்தவை. நிலம் மிகுதியாகவும் உழைப்பவர் தொகை குறைவாகவும் இருந்த அப்பிரதேசத்தில், வென்ற அரசன் கொண்டுசென்ற மிகப் பெறுமதியான கொள்ளைப்பொருள் சிறைப்பிடித்த குடிகளே. பதினைந்தாம் நூற்றாண்டில் அயுத்தியா அரசு அங்கோரைக் கைப்பற்றியபோதும், 1594 இல் லொவெக் நகரைக் கைப்பற்றியபோதும் கெமர் மக்கள் பெருந்தொகையினராகச் சீயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கைவினைஞரும் ஆடுநரும் சென்றனர். அவர்தம் கைத்திறனும் சென்றது. இதற்கு மாறான ஓட்டமும் உண்டு. அங்கோர் வாட் தெற்கு மண்டபத்திற் சூரியவர்மனின் படைப் பவனியில் 'சியாம்' எனப் பெயர் பொறிக்கப்பட்ட ஒரு படைப்பிரிவும் செல்கின்றது. அதனைச் சீயத்தார் படை எனவே ஆய்வாளர் பலர் கொள்வர். இன்று எவருடைய கலை எனப் பூசலிடும் இரு மக்களின் முன்னோர் ஒரே அரசனின் கீழ் ஒரே சுவரில் நடந்து செல்கின்றனர். முவே தாய், பிரடல் செரே, லாவோஸ் நாட்டு முவே, பர்மிய லெத்வே ஆகியவற்றிடையே காணப்படும் ஒற்றுமைக்குக் காரணம் ஒருவர் மற்றவரிடம் திருடியமையன்று. பல நூற்றாண்டுகளாகக் கட்டாயப் படைசேர்ப்பும் சிறைபிடிப்பும் இம்மக்களை ஒன்றாகக் கலந்தமையே காரணம்.

5

1863 இற் கம்போடியா பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சிக்கு உட்பட்டது. 1953 வரை நீடித்த அவ்வாட்சியின் கீழேயே பிரடல் செரே இன்றைய போட்டி வடிவத்தைப் பெற்றது. அதற்கு முன்னர்ப் போட்டிகள் மண்தரையில், கயிறு சுற்றிய கைகளோடு நடைபெற்றன. பிரெஞ்சு ஆட்சி இதனைக் காட்டுமிராண்டித்தனமாகக் கருதிற்று. கயிறு கட்டிய சதுர மேடை, குறித்த நேர அளவுடைய சுற்றுகள், தோற் கையுறை ஆகியவை ஐரோப்பியக் குத்துச்சண்டையிலிருந்து புகுத்தப்பட்டன.

இம்மாற்றத்தைச் சீர்திருத்தம் எனக் கூறிக் கடந்து செல்வோர் அதன் உட்பொருளைக் காண்பதில்லை. கருவி மாறியமையால் அடியே மாறிற்று. கையுறை அணிந்தவன் தன் முட்டி முறியும் அச்சமின்றித் தலையைக் குத்தலாம். எனவே கைக்குத்தின் பங்கு பெருகிற்று. சதுர மேடைக்கு மூலைகள் உண்டு. எதிராளியை மூலைக்குத் தள்ளும் காலடி நுட்பம் தோன்றிற்று. மூன்று நிமிடச் சுற்றுகள் ஐந்து என வரையறை வந்ததும், ஆற்றலைக் கணக்கிட்டுச் செலவிடும் முறையும் புள்ளிக்காக அடிக்கும் முறையும் வந்தன. பூட்டும் வீழ்ந்தபின் தொடரும் தாக்குதலும் மேடைக்கு வெளியே நின்றன. உடலின் அடி கடிகாரத்தின் அளவுக்கு உட்பட்டது. தொழிற்சாலை உழைப்பை நேரத்தால் அளந்த அதே நாகரிகமே இங்குச் சண்டையையும் நேரத்தால் அளந்தது.

ஆயினும் மரபு முற்றாகச் சரணடைந்துவிடவில்லை. முழங்கை மேடையில் நிலைத்தது. சண்டைக்கு முன் ஆசானை வணங்கும் ஆடலும், 'சம்போ' மத்தளம், 'ஸ்ரலாய்' குழல், 'சிங்' தாளம் ஆகியவற்றின் இசையும் நிலைத்தன. சண்டை வேகங்கொள்ள இசையும் வேகங்கொள்ளும். கடிகாரத்தின் காலத்தோடு மத்தளத்தின் காலமும் அம்மேடையில் இன்றுவரை உடனுறைகின்றது.

மேடைக்கு வெளியே நிகழ்ந்தவற்றையும் மறத்தலாகாது. 1916 ஆம் ஆண்டில் வரிக்கும் கட்டாய ஊழியத்துக்கும் எதிராகப் பல்லாயிரக்கணக்கான உழவர் மன்னரிடம் முறையிடப் புனோம் பென் நோக்கி நடந்தனர். 1925 ஏப்ரல் 18 ஆம் திகதி, கொம்பொங் சினாங் மாகாணத்தின் கிராங் லேவ் கிராமத்தில் வரி நிலுவையை அறவிடச் சென்ற பிரெஞ்சு அதிகாரி பார்டே, அவ்வூர் மக்களால் அடித்துக் கொல்லப்பட்டார். மேடையிற் கையுறை அணிந்த உழவனின் அடியை விளையாட்டு எனப் போற்றிய ஆட்சி, வரி மறுத்த உழவனின் அடியை விலங்குச் செயல் என்றது. அரச ஆணையால் அக்கிராமத்தின் பெயரே 'விலங்குத்தனம்' எனப் பொருள்படும் சொல்லாக மாற்றப்பட்டது. அக்கிராமத்தார் போர்க்கலை பயின்றோர் என நாம் கூறவரவில்லை. அடி எப்போது கலையாகின்றது, எப்போது குற்றமாகின்றது என்பதைத் தீர்மானிப்பது அடியின் நுட்பமன்று, அதிகாரமே என்பதைச் சுட்டவே இதனைக் குறிப்பிடுகின்றோம்.

6

1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை நிலவிய பொல் பொட் ஆட்சி, ஏறத்தாழ பதினேழு இலட்சம் மக்களின் உயிரைப் பலிகொண்டது. ஆசான்கள் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் தாம் கற்றதை மறைத்து வாழ்ந்தனர். ஏடுகளிலன்றி உடல்களில் எழுதப்பட்ட கலை, உடல்கள் அழிக்கப்பட்டபோது அவற்றோடு அழிந்தது. மார்க்சியத்தை ஆய்வு முறையாகக் கொள்ளும் நாம் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்வதற்கில்லை. அவ்வழிவு மார்க்சியத்தின் பெயராலேயே நிகழ்த்தப்பட்டது. ஆனால் அவ்வாட்சியின் கொடியிற் பொறிக்கப்பட்டிருந்தது அங்கோர் கோபுரம் என்பதையும் காணுதல் வேண்டும். உழவனைப் போற்றுவதாகக் கூறிய ஆட்சி, அங்கோர் மன்னரின் கட்டாய ஊழியத்தை இலட்சியமாக்கி, உழவனை மீண்டும் வாய்க்கால் வெட்டும் அடிமையாக்கிற்று. பொற்காலக் கனவு எந்த நிறக் கொடியின் கீழும் கொடுமையே செய்யும் என்பது இதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடமாகும்.

நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவில் வாழ்ந்த சான் கிம் சியன் என்னும் ஆசான் 1990 களில் நாடு திரும்பி, உயிர் தப்பிய முதிய ஆசான்களைத் தேடிச் சென்று, அவர்கள் நினைவில் எஞ்சியவற்றைத் தொகுத்துப் பொக்காத்தோருக்கு மறுவாழ்வளிக்க முயன்றார். 2006 இற் புனோம் பென் நகரில் முதலாவது தேசியப் போட்டி நடைபெற்றது. மாணவரின் தரம் அவர் இடுப்பிற் கட்டும் 'கிராமா'வின் நிறத்தால் உணர்த்தப்படலாயிற்று. கிராமா என்பது கெமர் உழவன் வெயிலுக்குத் தலையிற் கட்டுவதும், வியர்வை துடைப்பதும், குழந்தைக்கு ஏணை கட்டுவதுமான கட்டம்போட்ட துணி. வெள்ளையிற் தொடங்கும் அதன் நிறவரிசை யப்பானியக் கலைகளின் பட்டி முறையை ஒத்தது. மரபு என நாம் காண்பது பழையதன் எச்சம் மட்டுமன்று. இன்றைய தேவைக்காகப் பழையதைக் கொண்டு புதிதாகக் கட்டப்படுவதுமாகும். இதனைக் குறையாக நாம் கூறவில்லை. பெரும் அழிவின் பின்னர் முதியோரின் நினைவிலிருந்து ஒரு கலையை மீட்டெடுத்தவர்களின் உழைப்பு வணங்கத்தக்கது. ஆயின் அம்மீட்பை மாறாத ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சி எனக் கூறுவது, அவ்வழிவையும் அவ்வுழைப்பையும் ஒருங்கே மறைப்பதாகும்.

பிரடல் செரேயின் கதை வேறுவிதமானது. தொலைக்காட்சியும் விளம்பரமும் பந்தயப் பணமும் அதனைச் சந்தைப் பண்டமாக்கின. மேடையேறுவோரிற் பெரும்பாலோர் நாட்டுப்புறத்து ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். முன்னைய உழவன் தன் உடலை அரசனுக்கு ஊழியமாகத் தந்தான். இவர்கள் தம் உடலைச் சுற்றுக் கணக்கில் விற்கின்றனர். புருவத்தைப் பிளக்கும் முழங்கை அடிக்குக் கரவொலி எழுப்பும் கூட்டத்திற் பந்தயம் கட்டியவனும் இருக்கின்றான்.

7

பிரசாத் சென் கோயிலின் துரியோதனன் சிலையைப் பற்றி இறுதியாக ஒன்று கூறுவோம். 1970 களின் தொடக்கத்தில், உள்நாட்டுப் போர்ச் சூழலில், அச்சிலை பாதங்களிலிருந்து வெட்டிக் கவரப்பட்டது. பீடமும் பாதங்களும் கோ கேர்க் காட்டிலேயே கிடந்தன. உடல் ஐரோப்பியச் சந்தையிற் கைமாறி, 2011 இல் நியூயோர்க் நகரில் ஏலத்துக்கு வந்தது. கம்போடிய அரசின் உரிமைக் கோரிக்கையையும் வழக்கையும் தொடர்ந்து 2014 இல் நாடு திரும்பிற்று. எந்த அடிக்கும் ஆற்றல் பாதத்திலிருந்தே எழுகின்றது என்பது கெமர் ஆசான்கள் முதற்பாடமாகக் கற்பிப்பது. பாதத்திலிருந்து வெட்டப்பட்ட வீரன் கண்காட்சிப் பொருளாக நிற்கலாம், அடிக்க இயலாது. கலையும் அத்தகையதே. அதனைத் தாங்கிய மக்களின் வாழ்க்கையிலிருந்து வெட்டியெடுத்துத் தேசத்தின் பெருமைப் பட்டியலில் நிறுத்தும்போது, அது காண்பதற்கு அழகாக இருக்கும். அதன் பாதங்கள் வேறிடத்திற் கிடக்கும்.

2025 யூலையிற் கம்போடியப் படைகளும் தாய்லாந்துப் படைகளும் எல்லையில் ஐந்து நாட்கள் பொருதின. அவ்வாண்டு டிசெம்பரில் மீண்டும் பொருதின. பழங்கோயில்களின் உரிமை அம்மோதலிலும் பேசப்பட்டது. இருபுறத்தும் வயலை விட்டு ஓடியவர்கள் உழவரே. கலையின் பெயராலும் கல்லின் பெயராலும் வளர்க்கப்படும் பகைமை விளையாட்டு மேடையோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. தமது பழம்பெருமையை அளந்து கொண்டிருக்கும் எந்தச் சமூகத்துக்கும் இது பொருந்தும். நாமும் அதற்கு விலக்கல்லர்.

எனவே, முழங்கை அடி எவருடையது என்னும் வினாவுக்கு எமது விடை இதுவேயாகும். அது சூரியவர்மனுடையதன்று, அயுத்தியா மன்னருடையதுமன்று, அமைச்சுக்களுடையதுமன்று. நெல் இடித்தவர்கள், கல் சுமந்தவர்கள், வெறுங்காலோடு போருக்கு அனுப்பப்பட்டவர்கள், சிறைப்பட்டு எல்லை கடந்து நடந்தவர்கள் ஆகியோரின் உடலில் அது உருவாயிற்று. சிங்கத்தின் வரலாறு போதிய அளவு எழுதப்பட்டுவிட்டது. இடித்த கைகளின் வரலாறே இனி எழுதப்படவேண்டியது.